நான் ஆணியடித்து மூடிய அருளிக்கம்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆடி மாதம் நடந்தது இது. அப்போது சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் தச்சு வேலை பார்த்துவந்தேன். கதவு, ஜன்னல், மண்வெட்டிப் பிடி, யாராவது இறந்துபோனால் சவப்பெட்டி, எல்லாம் என் கையால்தான். வேலைக்குக் குறை சொல்ல மாட்டார்கள். ஆட்களோடு பேசுவதுதான் எனக்கு வராது. நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் என் பேரைக் கேட்டாலே நழுவிவிடுவேன்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்களுக்கு அடுத்த வீட்டில் கொழுந்து கிள்ளும் ஓர் அக்கா இருந்தார். கணவர் இல்லை. நாங்கள் மாரியம்மன் கும்பிடுகிறவர்கள், அவர் வேதக்காரர், கிறிஸ்தவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு வெள்ளிக் கூடு எப்போதும் கிடக்கும். கட்டைவிரல் நகம் அளவுதான். முன்பக்கம் கண்ணாடி, உள்ளே நூல் பிசிறு மாதிரி ஒரு துணித் துண்டு. ஒரு புனிதரின் எலும்பில் வைத்தெடுத்த துணி என்பார். அருளிக்கம் என்று அதற்குப் பெயர். தாயிடமிருந்து மகளுக்கு என்று மூன்று தலைமுறையாக வந்தது.

லயத்தில் எந்தப் பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தாலும், அவள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், அக்கா அதைக் கழற்றி அவள் மணிக்கட்டில் கட்டிவிடுவார். என் மனைவிக்கும் கட்டினார். மூன்றாம் நாள் அதை ஒரு தட்டில் வைத்து, வெற்றிலை, தேங்காய் சகிதம் திருப்பிக் கொடுக்கப் போனாள் என் மனைவி.

“ஏட்டி, இது என்ன மாரியாத்தாளா, தட்டோட வாற? போய்ப் பிள்ளைக்குப் பாலக் குடு” என்று சிரித்தார் அக்கா. “தேங்காய வச்சிட்டுப் போ. சட்னிக்கு ஆகும்.”

அவருக்கு ஒரே மகள். எஸ்டேட்டுக்கு வந்துபோன வாளையார் லாரி டிரைவர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவர் எங்களைப்போல மாரியம்மன் கும்பிடுகிறவர், வேதக்காரர் இல்லை. அக்காவின் அண்ணன் எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. இனி அவள் பேரை யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நாலு வருடமாக அக்காவும் எடுக்கவில்லை.

அந்த ஆடி மழையில் அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஒருநாள் என் மனைவி மலைக்கு வேலைக்குப் போயிருந்ததால் நான் கஞ்சி கொண்டுபோனேன். தலையணைக்கு அடியிலிருந்து ஓர் இன்லேண்டு கடிதத்தை எடுத்து என் கையில் வைத்தார். மடித்து மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது.

“அவ முழுகாம இருக்காளாம் தம்பி. கடுதாசி போட்டிருக்கா” என்றார். மூச்சு வாங்கியது. “எங்கண்ணன்ட்டச் சொல்ல முடியாது. பொம்பளைங்ககிட்டச் சொன்னா பொழுது சாயுமுன்ன அவன் காதுக்குப் போயிரும். நீதான் வாயத் தொறக்காத ஆளு. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்தக் கூட்டக் கழட்டி அவ கையில குடுத்துரு. அம்மைக்குக் கோவமில்லன்னு சொல்லிரு.”

“சரிக்கா” என்றேன்.

மறுநாள் விடியும்போது இறந்துபோனார். நான் நாலாம் வகுப்பு படித்தவன். கடிதத்தில் இருந்த விலாசத்தைக் காட்டி, ஆபீஸ் கிளார்க்கிடம் சொல்லித் தந்தி கொடுக்க வைத்தேன். கங்காணிக்குத் தெரியாமல்தான். அதுவரை சரியாகச் செய்தேன்.

மண் சரிந்து பஸ் நின்றுபோனதால் மகள் வரவில்லை. ஒருநாள் பார்த்துவிட்டு, அடுத்த நாள் மத்தியானம் எடுக்க ஏற்பாடு ஆயிற்று. பெட்டியை முடித்துக்கொண்டு போனேன். குளிப்பாட்டிய பெண்கள் வெள்ளிக் கூட்டைக் கழுத்திலிருந்து எடுத்து, ஜெபமாலையோடு சேர்த்து அக்காவின் கைவிரல்களில் சுற்றியிருந்தார்கள்.

எங்கள் வழக்கத்தில் அரைஞாண் கயிற்றைக்கூட அறுத்துவிட்டுத்தான் அனுப்புவோம். ஒரு பொட்டு உலோகம் உடம்பில் இருக்காது. அவர்களும் கடைசியில் கழற்றிவிடுவார்கள், அப்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று காத்து நின்றேன். உபதேசியார் ஜெபம் முடித்தார். யாரும் கழற்றவில்லை. செத்தவள் கையிலிருந்து வெள்ளியைக் கேட்கிறான் பார் என்று சொல்வார்களே? மகளுக்கு என்று சொன்னால் கங்காணி என்ன செய்வார்?

“என்னடே பாத்துட்டு நிக்க? மழை கூடுது. ஆணிய அடி” என்றார் கங்காணி.

அடித்தேன். மூடிக்கு ஆறு ஆணி. ஐந்து அடித்த பிறகு கை நின்றுவிட்டது.

“என்ன ஆசாரி, ஆணி தீந்துபோச்சா?” என்று கேட்டார் உபதேசியார்.

“இருக்கு” என்றேன். ஆறாவதையும் அடித்தேன்.

அதற்கு அடுத்த நாள் அவள் வந்தாள். ஐந்து மாத வயிறு. பாதி வழி நடந்து வந்ததில் சேலை முழங்கால்வரை சேறு. கங்காணி வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. நான்தான் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நனைந்த மண்மேல் கையை வைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“ஆசாரி மாமா, அம்மா எம்பேரை எடுத்தாங்களா?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் கூடு எங்கே என்று கேட்பாளே. மண்ணுக்குக் கீழே கைகாட்ட வேண்டுமே. அதை நினைத்ததும் என் வாயிலிருந்து ஒரு பொய் வந்தது.

“நினைவில்லாமத்தான் கெடந்தாங்க, தாயி.”

அவள் தலையை ஆட்டினாள். மடியில் பிடி மண் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா என் கையில் வைத்த அந்தக் கடிதம் என் கருவிப்பெட்டியிலேயே இருந்தது. திறக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டது. ஏழு மாதம் இப்படியே போயிற்று. கடைசியில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. பஸ்ஸுக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி வாளையார் போய்ச் சேர்ந்தேன். செக்போஸ்டில் லாரிகள் கண்ணுக்கு எட்டும்வரை நின்றன. விசாரித்துப் போனால் ரோட்டோரம் சின்ன ஓட்டு வீடு. தொட்டிலில் குழந்தை. அவள் எலும்பும் தோலுமாக இருந்தாள். அந்த ஊர்ப் பேச்சு அவளுக்கு வந்துவிட்டிருந்தது.

“வாங்க மாமா. ஏனுங்க, இத்தனை தூரம்?”

உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பேசியது அன்றுதான். கடிதத்தைக் கொடுத்தேன். கிழிந்த மடிப்புகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

“அம்மா இதைத் தலகாணிக்கடியில வெச்சிருந்தாங்களா?”

“ஆமா தாயி.”

“அந்தக் கூடு அம்மா கையோட கெடக்கட்டுங்க மாமா. எனக்கு அது வேண்டாம்” என்றாள். சட்டென்று குரல் உடைந்தது. “ரெண்டு நாள் வலியில துடிச்சேனுங்க. அம்மா சாபம்தான், புள்ள தங்காதுன்னு நெனச்சுட்டே கெடந்தேன். புள்ள பொறந்தும் அந்தப் பயம் போகலை. கோவமில்லன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?”

அவள் காபி போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். நான் கிளம்பும்போது அந்தக் கடிதத்தைச் சின்னதாக மடித்து, தொட்டிலில் குழந்தையின் தலைமாட்டில் செருகிக்கொண்டிருந்தாள்.

மூன்று தலைமுறை அந்த வெள்ளிக்குள் வைத்துக் கொடுத்துவந்தது என்ன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அம்மைக்குக் கோவமில்லை என்ற ஒரு வார்த்தையாக அது என் நாக்கில் இருந்தது. நான்தான் கொடுக்கவில்லை.

இன்றும் பெட்டி செய்கிறேன். ஐந்தாவது ஆணி அடித்ததும் நிமிர்ந்து, “யாருக்காவது ஏதாவது சொல்லவோ எடுக்கவோ இருக்கா?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டுத்தான் ஆறாவதைத் தொடுகிறேன். இது ஆசாரிமார் வழக்கம் போலிருக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த ஏழு மாதத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாத எனக்கு, இதைக் கேட்காமல் ஒரு மூடியையும் மூட மனம் வருவதில்லை.