லேபிளுக்கு ஒரு முகம்

சிவகாசி. சாத்தூர் பஸ் வரும்வரை வெயிலுக்கு ஒதுங்கி ஓர் அச்சகத்துக்குள் உட்கார்ந்திருக்கிறேன். கையில் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேய ஜமீன்தார் ஒருவரின் வாழ்க்கை வரலாறு. அச்சக முதலாளிக்கு அதன் அட்டைப்படத்தின் மேல்தான் கண். தீபாவளி சீசன், புது வெடிக்கு லேபிள் எங்கே என்று பட்டாசுக் கம்பெனியிலிருந்து போன் மேல் போன்.

“யாரு சார் இவரு? தலையில பஞ்சுப் பொதிய வச்ச மாதிரி இருக்காரு.”

“அது பொய்முடிங்க. ரொம்ப வருசம் பார்லிமெண்டுல இருந்தவர். ஒருநாள்கூட வாயைத் திறந்து பேசினதில்லை.”

“அப்ப வெடிக்கு ஆக மாட்டாரு. கம்பி மத்தாப்புக்கு வேணா போடலாம்.”

எனக்கு ஏனோ ஜமீன்தாருக்காக ரோஷம் வருகிறது.

“மாளிகை ஜன்னல்லேருந்து பார்த்தா ஏரி தெரியலைன்னு, குறுக்கே இருந்த ஊரையே இடிச்சுத் தள்ளினவருங்க!”

அவர் புத்தகத்தை வாங்கி ஸ்கேனரில் கவிழ்க்கிறார்.

“இத மொதல்லயே சொல்லக் கூடாதா? அணுகுண்டுக்கே போட்டுருவோம். ஆனா மீசை இல்லாம வெடி விக்காது. அத நானே வரைஞ்சிருதேன்.”

கம்ப்யூட்டர் திரையில் ஜமீன்தாருக்கு மீசை முளைக்கிறது. வெளியே சாத்தூர் பஸ் ஹாரன் அடிக்கிறது. முதலாளி இதுவரை ஒரு பக்க மீசையைத்தான் முறுக்கியிருக்கிறார். நான் அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்கிறேன்.