அம்மனுக்கு ஒரு திரை

நகரசபைக்காக நான் வீடு வீடாகப் போய்க் குளிக்க வார்க்கும் முதியவர்களில் ஒருவர் பிரபு வம்சம். கிழக்கு ஐரோப்பாவில் ஆட்சி கவிழ்ந்தபோது தாயோடு எல்லை தாண்டி ஓடிவந்த பிள்ளை. இப்போது தொண்ணூறை நெருங்குகிறார். ஒஸ்லோவில் சக்கர நாற்காலியும் அவருமாகத் தனிக் குடித்தனம். மாளிகை போனாலும் மிடுக்குப் போகவில்லை. குளியலறைத் திரையை இழுத்துவிட்டு, நான் வெளியே நின்று கையை மட்டும் உள்ளே நீட்டி முதுகு தேய்க்க வேண்டும். என் சட்டைக் கை நனையும். எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

வாழ்நாள் முழுவதும் ஆசியக் கலைப்பொருள்கள் சேர்த்தவர். சீனச் சாடிகள், பர்மாப் புத்தர்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் ஏலத்தில் எடுத்த ஒரு வெண்கல அம்மன். முதல் நாளே நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். அவள் மேல் பட்டுமில்லை, பூவுமில்லை. எங்கள் கோயிலில் ஐயர் உடுத்தி முடிக்கும்வரை திரை விலகாது. இங்கே விளக்கு வேறு போட்டு வைத்திருந்தார்.

ஒருநாள் ஈரக் கையோடு கேட்டே விட்டேன்.

“உங்களுக்குத் திரை வேண்டும், அவளுக்கு வேண்டாமா?”

சீறுவார் என்று நினைத்தேன். சீறவில்லை.

“அங்கே எங்கள் வீடு இப்போது அருங்காட்சியகம். ஒருமுறை நுழைவுச்சீட்டு வாங்கிப் போய்ப் பார்த்தேன். அம்மாவின் இரவு உடையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கவிட்டிருக்கிறார்கள்” என்றார். பிறகு, “இவளுக்கு என்ன உடுத்துவீர்கள்?” என்று கேட்டார்.

அம்மருட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, மகளின் சின்ன வயதுப் பட்டுப்பாவாடையைக் கேட்டேன்.

“அம்மா, அது மியூசியத்தில வைக்கிற சாமான். அதுக்கு ஏன் உடுப்புப் போடுறியள்?”

“சாமானோ? வாயைப் பொத்திக்கொண்டு எடுத்துத் தா.”

உடுத்தும்போது அவரைத் திரும்பிக்கொள்ளச் சொன்னேன். “இத்தனை காலமாகப் பார்க்கிறேனே” என்று முணுமுணுத்தார், திரும்பவில்லை. ஆனால் உடுத்தி முடிந்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! அதன் பிறகு நான் கதவைத் திறக்கும்போதே, “இன்றைக்கு அவளுக்கு என்ன நிறம்?” என்பார்.

இந்தக் குளிர்காலத்தில் விழுந்துவிட்டார். முதியோர் இல்லத்தில் ஓர் அறை கிடைத்தது. சேகரிப்பு முழுவதையும் இங்குள்ள அருங்காட்சியகத்துக்கு எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

“மற்றவை போகட்டும். இவளை அந்நியர்கள் உரிந்து பார்ப்பார்களே” என்றார்.

பெட்டிகளோடு இருவர் வந்தார்கள். கையுறை போட்ட பெண் மரியாதையாகத்தான் சொன்னாள், “இந்தத் துணி எங்கள் பதிவில் இல்லை. எடுத்துவிடலாமா?” அவள் கை பட்டில் படுவதற்குள், “பொறுங்கள்” என்று பிரபு அதட்டினார். என்னைப் பார்த்து, “குளியலறைத் திரையைக் கழற்றி வாருங்கள்” என்றார்.

நீல மீன்கள் போட்ட பிளாஸ்டிக் திரை. ஆளுக்கொரு முனையைப் பிடிக்கச் சொன்னேன். விழித்தார்கள், ஆனாலும் பிடித்தார்கள். நான் உள்ளே போய்ப் பாவாடை நாடாவை அவிழ்த்தேன்.

வெளியே சக்கரம் உருளும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். யாரும் சொல்லாமலே பிரபு நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். பெட்டியை மூடி ஆணி அடிக்கும்வரை இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.