உரிமையாளர் என்ற கட்டம்

பொதுப் பயன்பாட்டில் உள்ள ஒரு கிணற்றை மூடுவதென்றால், உரியவர்களுக்கு முதலில் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். ஆட்சேபம் சொல்ல அவகாசம் தர வேண்டும். அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன், நசரத்பேட்டையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த கிணற்றை, அப்படி எந்த அறிவிப்பும் இல்லாமல் ஒரே முற்பகலில் மூடிவிட்டார்கள். அதற்குக் காரணமான ஆளைப் பல வாரங்கள் தேடினேன்.

நான்கு பெண்கள் அந்தக் கிணற்றை நம்பி அரைக்கீரையும் சிறுகீரையும் போட்டிருந்தார்கள். நிலம் ஆளுக்கொரு துண்டு, குத்தகை. கிணறு மட்டும் புறம்போக்கில் இருந்தது. தூர் வாரியது, மோட்டார் போட்டது எல்லாம் நான்கு குடும்பமும் சேர்ந்துதான். திங்கள் முதல் வியாழன் வரை ஆளுக்கொரு நாள் தண்ணீர். யார் முறையோ அவருடைய பிளாஸ்டிக் குடம் அன்று கிணற்றுச் சுவரில் கவிழ்ந்திருக்கும். திங்கள் பச்சை, செவ்வாய் நீலம், புதன் சிவப்பு, வியாழன் மஞ்சள். மீதி மூன்று நாள், யார் பாத்தி காய்கிறதோ அவருக்கு. எழுத்தில் ஒன்றும் கிடையாது. சண்டையும் கிடையாது. எங்கள் குடியிருப்பில் கார் நிறுத்துவதற்கு அச்சிட்ட விதிகள் இருக்கின்றன, வாரம் ஒரு சண்டையும் இருக்கிறது.

விவசாயத்தில் பொதுச் சொத்தை ஜனங்கள் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்யும் ஓர் இளம்பெண் அங்கே வந்துபோய்க்கொண்டிருந்தார். குடங்களைப் படம் எடுப்பார், பக்கம் பக்கமாகக் குறிப்பெடுப்பார். மோட்டார் எரிந்துபோனபோது, குழுவாகப் பயிர் செய்பவர்களுக்கு மோட்டார் தரும் திட்டம் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அவர்தான். விண்ணப்பத்தை நிரப்ப என்னிடம் வந்தார்கள். வேறு யாரிடம் போவார்கள்?

கிணற்றடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். “கிணறு யாரோடது?” என்றேன்.

எங்களுக்குக் கீரை கொண்டுவரும் மஞ்சள் குடத்து அம்மாதான் பதில் சொன்னார். “யார்துன்னு இன்னா சார் சொல்றது? யார்தும் இல்ல. நாங்க நாலு பேரும் எறச்சிகினு கீறோம்.”

“ஒரு பேர் சொல்லுங்கம்மா. கட்டம் சின்னது.”

“அப்ப நாலு பேரையும் சின்னதா எய்து சார்.” மற்ற மூவரும் சிரித்தார்கள்.

“தனியா ஒரு தாள் இணைச்சு, குடம், முறை எல்லாத்தையும் எழுதிடலாமே சார்?” என்றார் ஆராய்ச்சிப் பெண்.

“இது விண்ணப்பம்மா. உங்க ஆராய்ச்சிக் கட்டுரை இல்லை” என்றேன். அவர் முகம் சுருங்கியது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். பிறகு, உரிமையாளர் என்ற கட்டத்தில், அழகான கையெழுத்தில், ‘எவருமில்லை’ என்று எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து மோட்டாருக்குப் பதில் ஜேசிபி வந்தது. கைவிடப்பட்ட கிணறுகளை மழைக்கு முன் அதிகாரிகள் மூடிக்கொண்டிருந்த சமயம். நான்கு பேரும் கீரை விற்கப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது கிணறு இருந்த இடத்தில் கட்டட இடிபாடு கொட்டி நிரவியிருந்தது. செங்கற்களுக்கு நடுவே மஞ்சள் குடத்தின் வாய் மட்டும் தெரிந்தது.

“வுடாத சார். உனக்குத்தான் சட்டம் தெரியும்” என்றார் அந்த அம்மா.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள்விகளை அடுக்கினேன். அறிவிப்பு யாருக்கு, எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது? நகல் தருக. பாத்திகள் காய்ந்து வெடித்தன. அந்த அம்மா கோயம்பேடு சந்தையில் கீரை வாங்கி வந்து விற்றார். அதிலும் ஒரு கட்டைக் காசு வாங்காமல் என் கையில் திணிப்பார். “எங்களுக்கோசரம் எவ்ளோ எய்துற நீ!” வாங்கிக்கொண்டேன்.

பதில் வந்தது. ‘உரிமையாளர் எவருமில்லை என விண்ணப்பத்திலேயே குறிப்பிடப்பட்டுள்ளதால், அறிவிப்பு அனுப்பப்பட வேண்டிய நபர் எவருமில்லை.’ கூடவே விண்ணப்பத்தின் நகல், என் அழகான கையெழுத்துடன். அந்த அதிகாரியின் நாற்காலியில் நான் இருந்திருந்தால் அதே வாக்கியத்தைத்தான் எழுதியிருப்பேன்.

கடிதத்தைப் பழைய பேப்பர்களுக்கு அடியில் வைத்தேன். பதினோரு நாள், “இன்னும் பதில் வரலைம்மா” என்று சொன்னேன். பதினோரு நாளும் கீரைக்கட்டை வாங்கிக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் கை நீளவில்லை. கடிதத்தை எடுத்து வந்து கொடுத்தேன்.

எழுத்துக்கூட்டிப் படித்தார். ‘எவருமில்லை’ என்ற இடத்தில் விரல் நின்றது. “நாலு பேரும் உன் எதுர்லதானே சார் நின்னுகினு இருந்தோம்? ஒருத்திகூடவா உன் கண்ணுக்குத் தெர்ல?”

எனக்கென்று எடுத்து வைத்த கட்டைத் திரும்பக் கூடையில் போட்டுக்கொண்டு போனார்.

அன்றே ஆராய்ச்சிப் பெண்ணுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றைத் திரும்பத் திறக்கக் கேட்டு அடுத்த மனுவை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். உரிமையாளர் என்று வந்த இடத்தில் ‘இணைப்பைக் காண்க’. இணைப்பு இரண்டு தாள்: நான்கு பெயர்கள், நாட்கள், குடத்தின் நிறங்கள், அந்த மீதி மூன்று நாளின் கணக்கு. நினைவூட்டல்கள் போய்க்கொண்டே இருந்தன. அதற்குள் பச்சைக் குடத்துக்காரர் ஓர் அடுக்குமாடியில் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நீலக் குடத்துக்காரர் ஊரைவிட்டே போய்விட்டார்.

எனக்கு இப்போது ஓசிக் கீரை கிடையாது. எந்தப் படிவத்திலும் ‘இல்லை’ என்று எழுதப் போகும்போது கை ஒரு நிமிடம் நிற்கிறது. எதிரில் யாராவது நிற்கிறார்களா என்று நிமிர்ந்து பார்க்கிறேன். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஓய்வு பெற்ற பிறகும் நாலு பேருடைய தண்ணீர் தேவைப்பட்டது. நான்கு பெயர்களையும் முழுதாகப் போட்டு, கிணற்றைத் திறக்கலாம் என்ற பதில் வந்தது போன ஆகஸ்ட் இருபத்தெட்டு, வியாழக்கிழமை. மஞ்சள் குடத்தின் நாள்.