பத்து மில்லி

ஒரு கட்டிலின் வரைபடத்தில் கோட்டை நகர்த்தாமல் எண்ணை மட்டும் மாற்றினேன். அதனால் வந்த பிழையை என் மனைவியின் தம்பி தலையில் கட்டினேன். பிறகு அந்தப் பிழையையே அவனுக்குப் பட்டப்பெயராகவும் சூட்டினேன். இந்த மூன்றில் எது பெரிய தவறு என்று கேட்டால், அன்றைக்கு முதலாவதைச் சொல்லியிருப்பேன். இன்று மூன்றாவதைச் சொல்வேன்.

அந்தத் திரை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. கறுப்புப் பின்னணியில் மஞ்சள் நிறத்தில் கட்டிலின் பக்கச் சட்டம். அதற்குக் கீழே பச்சை நிறத்தில் அளவுக்கோடு, இரு முனையிலும் அம்புக்குறி, நடுவில் 1900 என்ற எண். அந்த எண்ணை நாம் எழுதுவதில்லை. மென்பொருளே கோட்டை அளந்து போட்டுக்கொள்ளும். கோட்டை இழுத்து நீட்டினால் எண்ணும் கூடவே மாறும். ஆனால் எண்ணின் மேல் இருமுறை சொடுக்கினால் அது ஒரு சிறு பெட்டிக்குள் வந்து நிற்கும். அதை அழித்துவிட்டு நாம் விரும்பியதை எழுதலாம். மென்பொருள் தடுக்காது. அந்த நொடியிலிருந்து அது அளப்பதை நிறுத்திவிட்டு, நாம் எழுதியதையே கிளிப்பிள்ளை போலச் சொல்லிக்கொண்டிருக்கும். நான் இருமுறை சொடுக்கி 1910 என்று எழுதினேன்.

மலேசியாவின் மூவார் நகரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் வரைபடப் பிரிவுக்கு நான் தலைவனாக இருந்தேன். தொழில் கற்றது வரைபலகைக் காலத்தில். அப்போது அளவு மாறினால் பிளேடால் மையைச் சுரண்டி, புது எண்ணை எழுதிவிடுவோம். கோடு பழைய இடத்திலேயே இருக்கும். அதில் குற்றமில்லை. ஒவ்வொரு தாளின் அடியிலும் 'கோட்டை அளக்காதே, எழுதிய எண்ணையே எடுத்துக்கொள்' என்ற எச்சரிக்கை அச்சாகியிருக்கும். தாளில் எண்தான் சட்டம். அந்த வழக்கத்தை நான் கணினிக்கும் கொண்டுவந்தேன். கோட்டை இழுத்தால் துளைகளின் இடம் மாறும், அதையெல்லாம் திரும்பச் சரிபார்க்க வேண்டும். எண்ணை மாற்றினால் வேலை உடனே முடிந்தது.

மச்சான் என் பக்கத்து மேசைக்காரன். அவனும் பாலிடெக்னிக்கில் படித்தவன்தான். வேலைக்குச் சேர்த்துவிட்டவன் நான். என் பழக்கம் அவனுக்குத் தெரியும். எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு கேலி செய்வான். "அத்தான், நீங்க கம்ப்யூட்டர்ல வரையல லா. கம்ப்யூட்டர் மேல தாள ஒட்டி வச்சு வரையிறீங்க." நான் விடுவேனா? "நீ பிறக்கிறதுக்கு முன்னாடி பென்சில் பிடிச்சவன்டா நான்" என்பேன். "அதான் சொல்றேன், பென்சில கீழ வைங்க" என்பான். மதியத்துக்கு ஒரே மோட்டார் சைக்கிளில் ஆற்றோரக் கடைக்குப் போய் மீ நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வருவோம். பின்னிருக்கையில் உட்கார்ந்து அவன் சொன்ன பகிடிகளில் பாதி என்னைப் பற்றியவைதான்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் மெத்தையின் நீளம் பத்து மில்லிமீட்டர் கூடுகிறது என்று கடைசி நேரத்தில் தெரிவித்தார். கொள்கலன் ஏற்ற வேண்டிய வாரம் அது. சட்டத்துக்கும் அடிப்பலகைக்கும் எண்களை மாற்றிவிட்டு, "முடிஞ்சது, அனுப்பு" என்று மச்சானிடம் சொன்னேன். அவன் கோப்பைப் புதிதாக வந்திருந்த கணினியால் இயங்கும் வெட்டும் மெஷினுக்கு அனுப்பினான். நான் சொன்னதை நம்பி அனுப்பினான். அடிப்பலகையை ரம்பத்தில் அறுத்தவர்கள் தாளில் இருந்த எண்ணைப் படித்தார்கள். சட்டத்தை வெட்டிய மெஷினோ எண்ணைப் படிக்காது, கோட்டைத்தான் படிக்கும். பூட்டிப் பார்த்தபோது ஒரு பலகையும் சட்டத்துக்குள் இறங்கவில்லை. தொழிற்கூடம் முழுக்கக் குட்டைச் சட்டங்கள் அடுக்கடுக்காகக் கிடந்தன.

எங்கள் முதலாளி சீனர். எல்லாரும் தவுக்கே என்றுதான் அழைப்போம். அவர் ஒரு பலகையைக் காலால் தள்ளிவிட்டு, "சியாப்பா பூவாட்?" என்று மலாயில் கேட்டார். யார் செய்தது? அந்த மாதம்தான் என்னைத் தொழிற்சாலை மேலாளராக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் சொன்ன பதில் இதுதான்: "மெஷினுக்கு ஃபைலை அனுப்பியது என் மச்சான்." அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நான் மாற்றிய எண்ணும் அப்படித்தான், தனியாகப் பார்த்தால் சரியான எண்.

மச்சான் என்னைப் பார்த்தான். அதற்குள் அவன் கோப்பைத் திறந்து பார்த்திருப்பான் என்பது எனக்குத் தெரியும். நான் பேசுவேன் என்று அவன் காத்திருந்தான். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவன், "சாயா சாலா, தவுக்கே" என்றான். தப்பு என்னுடையது.

அவனைக் கணினியிலிருந்து எடுத்து, பெட்டி கட்டும் பிரிவுக்குப் போட்டார்கள். கொஞ்ச நாளில் அவனே வேலையை விட்டுவிட்டு ஜொகூர் பாரு போனான். அங்கிருந்து தினமும் விடியலுக்கு முன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூரில் ஒரு வரைபட அலுவலகத்துக்குப் போய்வந்தான். மழைக்கோட்டோடு அந்த நெரிசலில் நிற்பதைப் பற்றியும் பகிடிதான் சொல்வான். "பாலத்துல என் பைக்குக்கும் பக்கத்து பைக்குக்கும் நடுவுல பத்து மில்லிதான் இருக்கும் அத்தான். நமக்கு ராசியான அளவு." நான் மேலாளரானேன்.

பட்டப்பெயர் அடுத்த தீபாவளிக்கு வந்தது. பெக்கோக் என்ற சிற்றூரில் மாமனார் வீடு. தோட்டத் தொழிலாளர் லயத்தை விட்டு வந்து அவர் வாங்கிய சின்ன வீடு அது. மச்சான் சுவரில் சாமி படம் மாட்டிக்கொண்டிருந்தான். எல்லாரும் இருந்தார்கள். நான் நாற்காலியில் சாய்ந்தபடி, "பாத்து மாட்டுப்பா, பத்து மில்லி தள்ளிடப்போவுது" என்றேன். வீடே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். அவளுக்குத் தெரியாது. ஏன் அப்படிச் சொன்னேன்? குற்றம் செய்தவனுக்கு அதை அடுத்தவனுடையது என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது போலும். அன்றிலிருந்து அவன் பத்து மில்லி. பிள்ளைகளுக்குப் பத்து மில்லி மாமா. அவன் கூப்பிட்டதும் திரும்புவான், சிரிப்பான்.

பெயர் விளையாட்டாக நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். மாமனார் வீட்டின் பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்ட முடிவு செய்தார். மச்சான் ஆசையாக ஒரு வரைபடம் போட்டுக்கொண்டு வந்தான். அவர் அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. "நீ வேணாம்பா. அளவுல வெளயாட முடியாது. மாப்பிள பாக்கட்டும்" என்றார். நான் அங்கேதான் இருந்தேன், கையில் தேநீரோடு. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சமையலறைக்கு நான்தான் படம் வரைந்தேன். தன் மகனுக்கு அளக்கத் தெரியாது என்ற நம்பிக்கையோடே மாமனார் காலமானார். அதை இனி எந்தப் பரிகாரத்தாலும் மாற்ற முடியாது.

போன தீபாவளிக்கு ஜொகூர் பாருவில் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தோம். முறுக்குத் தட்டை ஏந்திக்கொண்டு வந்த என் பேத்தி, "பத்து மில்லி தாத்தா, இந்தாங்க" என்று அவனிடம் நீட்டினாள். அவளுக்குப் பள்ளிக்கூட வயது. நான் உளறிய ஒரு வார்த்தை மூன்றாம் தலைமுறையின் வாயில் அத்தனை மரியாதையாக வந்தது. "ஏன் தாத்தா அந்தப் பேரு?" என்று என்னிடமே கேட்டாள்.

நான் எழுந்து நின்றேன். "அது அவர் தப்பில்லம்மா. அந்த அளவ மாத்துனது நான். பழி மட்டும் அவருக்குப் போச்சு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். பல காலம் ஒத்திகை பார்த்த வாக்கியம். பிறகு மச்சானின் மனைவி கண் கலங்கி, "அண்ணனுக்கு எவ்வளவு பெரிய மனசு! இவர விட்டுக்குடுக்காம, தப்பத் தன் மேல போட்டுக்கிறாங்க பாருங்க" என்றாள். யாரோ என் தோளைத் தட்டினார்கள். என் மனைவி பெருமையாகப் பார்த்தாள். என் தட்டில் இன்னொரு துண்டு ஆட்டிறைச்சி விழுந்தது. நான் அதைச் சாப்பிட்டேன்.

வழியனுப்பக் கார் வரை வந்த மச்சான் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். "வழக்கம்போல டபுள் கிளிக் பண்ணி எண்ண மட்டும் மாத்திட்டீங்களே அத்தான்" என்றான். அவன் சிரிக்கவில்லை.

மூவாருக்குத் திரும்பும் வழியில் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை சுருக்கமாக அல்ல. திரையில் எந்த எண் இருந்தது, யாரிடம் அனுப்பச் சொன்னேன், தவுக்கே கேட்டபோது எதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பெயரை யார் வைத்தது, தேநீரோடு எங்கே உட்கார்ந்திருந்தேன். அவள் ஒன்றுதான் கேட்டாள். "அப்பா அவன வேணாம்னு சொன்னப்போ, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?" "ஆமாம்." "காரை நிறுத்துங்க." நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தினேன். அவள் இறங்கிப்போய் விளக்குக் கம்பத்தடியில் நின்று தம்பிக்குப் போன் செய்தாள். என்ன பேசினாள் என்று இதுவரை சொல்லவில்லை. திரும்பி வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

அடுத்து நடந்ததெல்லாம் அவள் முடிவு. சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் நானே பேசி, தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும் என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். நான் எங்கேயாவது மழுப்பினால், "அது இல்ல, மறுபடி சொல்லுங்க" என்பாள். சிலர் சிரித்தார்கள். சிலர் இப்போது வீட்டுக்கு வருவதில்லை. பேத்தியைக் கூப்பிட்டு, "அந்தப் பேரு சின்னத் தாத்தாவோடது இல்ல. இவரோடது. இனிமே இவர அப்படித்தான் கூப்பிடணும்" என்று என்னைக் காட்டினாள். பேத்தி உடனே மாற்றிக்கொண்டாள். என் மனைவி என்னிடம் வேண்டியதை மட்டும் பேசுகிறாள்.

நான் வரைந்த பெக்கோக் சமையலறையின் கூரை ஒழுகி, சுவரும் வெடித்துவிட்டது. இடித்துக் கட்டத் தம்பிதான் வரைய வேண்டும் என்றாள் என் மனைவி. போன வாரம் மூவரும் பேத்தியோடு போனோம். மச்சான் அளந்தான், நான் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்தேன். பிறகு முன்கூடத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்தான். சுவரில் மாமனார் படம். அதே கறுப்புப் பின்னணி, பச்சை அளவுக்கோடு, நடுவில் எண். ஒரு சுவரைக் கொஞ்சம் தள்ள வேண்டியிருந்தது. அவன் மவுஸை என் பக்கம் நகர்த்தினான். "நீங்க பண்ணுங்க. எண்ணத் தொடாதீங்க."

சுவரைப் பிடித்து இழுத்தேன். கோடு நகர நகர எண் தானாகவே மாறிக்கொண்டு வந்தது.

அப்போது பின்கட்டிலிருந்து பேத்தியின் குரல் கேட்டது. "பத்து மில்லி தாத்தா! சாப்பிட வாங்க!"

அவள் கூப்பிட்டது என்னைத்தான். ஆனால் முதலில் திரும்பியவன் மச்சான்.