அடுப்புக்கு ஆகாத பேனர்

எனக்குப் படிப்பு அதிகம் இல்லை. ஆனால் நெய்வேலியில் பிளாஸ்டிக் பிரிக்கும் கொட்டகையில் நான் கட்டிய மூட்டையை யாரும் மறுபடி கிளறிப் பார்த்ததில்லை. கசக்கும்போது வரும் சத்தத்திலேயே இது பால் கவர், இது பிஸ்கட் கவர் என்று சொல்லிவிடுவேன்.

நாங்கள் பிரித்ததை அரைத்து, ஒரு பெரிய அடுப்பில் காற்றைக் குறைத்துவிட்டுச் சூடாக்குவார்கள். அது கேஸாக மாறும். அந்த கேஸில் இன்ஜின் ஓடிக் கரண்ட் வரும். தண்ணீர்க் குழாய், ரெக்ஸின், ஃப்ளெக்ஸ் பேனர் இவை மட்டும் ஆகாது. கேஸ் அமிலமாகி இரும்பைத் தின்றுவிடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அவற்றைப் பின்பக்கம் பிய்ந்த செருப்புகளோடு குவிப்போம். நாய்கள் அங்கேதான் படுக்கும்.

ஒரு மத்தியானம் மூட்டையை அவிழ்த்தேன். உள்ளே என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். மைன்ஸில் காண்ட்ராக்ட்டிலேயே கிடந்து, பெர்மனென்ட் ஆகாமல் போய்ச் சேர்ந்தவர். கூட வேலை பார்த்தவர்கள் பஸ் ஸ்டாப்பில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனர் அது. வெயிலில் ஒரு கன்னம் வெளுத்திருந்தது.

கொட்டகையிலிருந்து ஒரு கவரைக்கூட வெளியே விட மாட்டார்கள். கெஞ்சிக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. அந்த முகத்தைச் செருப்புகளோடு போடவும் கை வரவில்லை. உடம்பே நெருப்புக்குத்தானே போனது, படமும் போகட்டும் என்று பேனரைக் கீறிப் பால் கவர்களுக்கு நடுவில் வைத்து அரைக்கிற மெஷினுக்கு அனுப்பினேன்.

சாயங்காலத்துக்குள் அடுப்பை நிறுத்திவிட்டார்கள். இன்ஜினியர் ஒரு கிழிசலைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"கேஸைக் கழுவுற தண்ணி அமிலமாயிடுச்சு. மெஷின்ல சிக்கின மிச்சத்தைப் பின்னாடி கொட்டியாச்சு. இது யார் டேபிள்ல இருந்து வந்தது?"

அவர் பார்வை எனக்குப் பக்கத்தில் நின்ற குறிஞ்சிப்பாடிக்காரி மேல் விழுந்தது. புதிதாகச் சேர்ந்தவள்.

"நான் இல்லீங்க சார். நான் பாட்டில்தாங்க பிரிச்சிகினு இருந்தேன்."

"நான்தான் போட்டேன்" என்றேன்.

இன்ஜினியர் நல்ல மனுஷன். குரலைத் தணித்தார். "வயசாச்சில்ல, கண்ணு சரியா தெரிஞ்சிருக்காது. அப்படியே எழுதிக்கிறேம்மா. நீங்க வேலையைப் பாருங்க."

"ஆமான்னுட்டுப் போயேன் ஆயா" என்று அவள் முணுமுணுத்தாள். "கண்ணு தெரியலன்னா கிரீடமா எறங்கிடும்?"

நான் இன்ஜினியர் பக்கம் திரும்பினேன்.

"கண்ணு நல்லாத்தாங்க தெரியுது. ஃப்ளெக்ஸுன்னு தெரிஞ்சேதான் போட்டேன்."

"ஏம்மா?"

நான் பின்பக்கச் செருப்புக் குவியலைப் பார்த்தேன்.

"தெரிஞ்சே போட்டேன்னு சொன்னா உங்களை எப்படிம்மா வச்சிக்கிறது?"

"வாணாங்க" என்று கையுறையைக் கழற்றி வைத்தேன்.

பத்து நாள் கழித்து மார்க்கெட்டில் குறிஞ்சிப்பாடிக்காரியைப் பார்த்தேன். "ஒன்னும் கெட்ட பேரு இல்ல ஆயா. கண்ணு தெரியாததால நின்னுட்டன்னுதான் சாரு எழுதியிருக்காரு" என்றாள், எனக்கு நல்லது சொல்வதுபோல.

நான் கத்தரிக்காயில் ஊசி முனை அளவு சொத்தையையும் பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.