ஆட்டுக்குட்டி தட்டிய கதவுகள்

“கிறிஸ்மஸுக்குப் பிள்ளைகளோட பாக்க நல்ல கார்ட்டூன் ஒன்னு சொல்லுங்க பெரியம்மா” என்று போன வாரம் தங்கை மகள் கேட்டாள். எனக்கு உடனே நினைவுக்கு வந்த படத்தின் பெயர் தெரியவில்லை. பேச்சே இல்லாத இருபது நிமிடப் படம். பனி கொட்டும் ஊரில் ஓர் ஆட்டுக்குட்டி வீடு வீடாகப் போய்த் தலையால் கதவை மும்முறை முட்டும். யாரும் திறக்க மாட்டார்கள். கடைசி வீடு திறக்கும். அவ்வளவுதான் கதை. நான் அழுதேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

தொண்ணூறுகளில் மலையகத்தில், ஹாலிஎலக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் வேலை. கிறிஸ்மஸுக்கு முதல் நாள், பதுளையிலிருந்து டீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் அந்தப் படத்தைப் போட்டோம். ஜெனரேட்டரின் பெற்றோல் வாசம் மூக்கிலேயே நின்றது. இன்றும் பெற்றோல் செட்டைக் கடக்கும்போது அந்த வெள்ளைப் பகல்தான் வருகிறது. ஒரு வாரம் அடித்த மழை அன்றுதான் விட்டிருந்தது. மூடுபனி வாசற்படி வரை வந்து நின்றது.

“டீச்சர், அந்தப் பனி எப்பிடி இருக்கும்?” என்று கேட்டாள் முன்வரிசையிலிருந்த ரோசலின். ஏழு வயது.

“ஃபிரிட்ஜுக்குள்ள இருக்கிற ஐஸ் மாதிரி” என்றேன். அப்போது என் வீட்டிலும் ஃபிரிட்ஜ் கிடையாது.

படம் முடிந்து தின்ன ஆளுக்கொரு பணிஸ் கொடுக்கும்போது ரோசலினைக் காணோம். பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் மரியம்மா, “இந்நேரம் வரைக்கும் இங்கனதான் இருந்தா” என்று பதறினாள். மற்றப் பிள்ளைகளை எண்ணி அவளிடம் விட்டுவிட்டு வெளியே ஓடினேன். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

மேட்டில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்திலிருந்து சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். சற்று இடைவெளி. மறுபடி டொக், டொக், டொக். பாட்டுக்கும் சிரிப்புக்கும் பழகிய இடத்தில் அந்தச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. சத்தம் வந்த பக்கம் மேடேறினேன்.

“யாருடி அது கதவத் தட்டிட்டு ஓடுறது?” என்று பெண்கள் திட்டும் குரல் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நான் ஏறிப்போனபோது எட்டுக் குடும்பங்களும் வாசலில் நின்றன. பலகாரம் சுட்ட கையெல்லாம் மாவு. ஒருத்தி தொட்டில் பிள்ளையையும் இடுப்பில் தூக்கி வந்திருந்தாள். ரோசலின் தண்ணீர்க் குழாயடியில் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் காதைப் பிடித்தேன். அந்த நொடியில் லயத்துக்குப் பின்னால் மலை இறங்கியது. லொறியிலிருந்து கல் கொட்டுவது போன்ற இரைச்சல். எட்டு அடுப்படிகளும் எரிந்த நெருப்போடு மண்ணுக்குள் போயின. ஓர் உயிருக்கும் சேதமில்லை.

அன்று பின்னேரம் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அவளைத் தூக்கிக் கொஞ்சினார்கள். அவளோ என் காதில் சொன்னாள்:

“டீச்சர், நான் மூனு கதவுதான் தட்டுனேன். அதுக்குள்ள அந்தக் கோடியிலருந்து யாரோ தட்டிக்கிட்டே வந்தாங்க. பயந்து ஓடிட்டேன்.”

“யாரு?”

“பனியில தெரியல.”

கோடிக் காம்பராப் பெண்ணிடம் விசாரித்தேன். “நானும் யோசிச்சுப் பாத்தேங்க. கதவுல கீழாலதான் தட்டுச்சு. முட்டிக்கால் உசரத்துல” என்றாள். தோட்டத்தில் யாரும் ஆடு வளர்க்கவில்லை. நான் அதற்குமேல் யாரிடமும் கேட்கவில்லை.

அந்த லயத்தைத் திரும்பக் கட்டவில்லை. குடும்பங்கள் பண்டாரவளைக் கடைகளுக்கும் கொழும்புக்குமாகச் சிதறிப்போயின. மரியம்மா இறந்துவிட்டாள். மேட்டில் ஆளுயரத்துக்கு மானாப்புல்.

இருபது வருடங்களுக்குப் பிறகு, பதுளை பஸ் நிலையத்தில் ரோசலினைப் பார்த்தேன். கையில் சின்ன மகள். வெலிமடை பஸ்ஸுக்காக நின்றாள்.

“இப்பவாச்சும் உண்மையச் சொல்லுங்க டீச்சர். மத்த அஞ்சு கதவையும் தட்டுனது நீங்கதானே? இன்னமும் கனவுல வருது.”

அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது.

“ஆமா” என்றேன்.

“அப்பவே நெனச்சேன்” என்று பெருமூச்சு விட்டுச் சிரித்தாள். பஸ் வந்தது. குழந்தை ஜன்னலில் கையாட்டிக்கொண்டே போனது. அன்று அந்தப் பனிக்குள் கதவு தட்டியது நானும் இல்லை என்பதை அறிந்தவள், இனி நான் ஒருத்திதான்.