செம்பூர்ப் பாறையில் ஏறிய ஈயம்

சென்ற டிசம்பரில் இரண்டு நாள் மும்பை போய்வந்தேன். கடற்கரை பார்க்க அல்ல, கல் எடுக்க. நான் நிலவியல் பேராசிரியை. பதினோரு வருடங்களுக்கு முன் செம்பூரில் எடுத்த ஐந்து கற்களில் ஈயம் மிக அதிகமாக இருந்தது. எரிமலைக் குழம்பு மேலே வரும்போது அடியிலிருந்த, ஈயம் மிகுந்த பழைய கண்டப் பாறையையும் உருக்கிக்கொண்டு வந்தது என்று அதை வைத்து எழுதினேன், பெயரும் வாங்கினேன். இப்போது வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர், அதே பாறையில் தனக்கு ஐந்தில் ஒரு பங்கு ஈயம்தான் கிடைத்தது, ஏன் என்று கேட்டிருந்தார். என் மாணவி செல்வியின் முனைவர் பட்ட ஆய்வு அந்த எண்களின் மேல்தான் நிற்கிறது. அவள் ஒப்படைக்க ஆறே வாரம்.

மாட்டுங்காவில் அறை, ஒரு நாளுக்கு 1,800 ரூபாய். காலை 7.10 லோக்கல் பிடித்து, குர்லாவில் ஹார்பர் வண்டி மாறினால் செம்பூர். போக வர டிக்கெட் பத்து ரூபாய். ஸ்டேஷனிலிருந்து பழைய குவாரி நான்கு கிலோமீட்டர், ஆட்டோ மீட்டரில் 68 ரூபாய். ஓட்டுநர் பக்கத்துத் திலக் நகரில் குடியிருக்கும் தமிழர். என் சுத்தியலைப் பார்த்து, "கல்லுக்காகவா மேடம் பாம்பே வந்தீங்க? எல்லாரும் மால்ல பேக் எடுப்பாங்க, நீங்க பேக்ல கல்லு எடுக்குறீங்க!" என்று சிரித்தார். சுற்றிலும் கட்டடம் வந்துவிட்டது. காவலாளியிடம் அனுமதி கேட்டு, ஒன்பது மணிக்குள் நான்கு துண்டு உடைத்துக்கொண்டேன்.

அடுத்தது தாராவி. சயான் ஸ்டேஷனில் இறங்கிப் பதினைந்து நிமிடம் நடை. எங்கள் துறைக்குக் கல் உடைக்கும் மெஷின் செய்துகொடுத்த பட்டறை அங்கேதான். அவசரத்தில் அந்த ஐந்து கற்களையும் அன்று இந்தப் பட்டறையிலேயே உடைத்துப் பொடித்தேன். புது மெஷின், ஆகவே கலப்படமில்லை என்று கட்டுரையில் ஜம்பமாக எழுதியும் வைத்தேன். பட்டறைக்காரர் திருநெல்வேலி அண்ணாச்சி.

"வாங்க மேடம், எத்தன வருசமாச்சு! மெஷின் ஓடுதா?"

"ஓடுது அண்ணாச்சி. என் கல்லுக்கு முன்னாடி அதுல வேற ஏதாவது உடைச்சீங்களா?"

"சேச்சே! ஆயுத பூசைக்கு மறுநாள்லா? மொதப் போணியே உங்க கல்லுதான். நீங்கதான பொட்டு வச்சீங்க! குங்குமம் தீந்துபோச்சுன்னு அனுமாருக்குப் பூசுத ஆரஞ்சு செந்தூரம் வாங்கிட்டு வந்தேன். மெஷின் வாய்க்குள்ளயும் பூசுங்க, நல்லா அரைக்கும்னு நாந்தான சொன்னேன்."

தூக்கிவாரிப் போட்டது. அந்த ஆரஞ்சுத் தூளில் பெரும்பாலும் இருப்பது ஈய ஆக்சைடு. படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்பது சும்மா இல்லை. பாறைகளின் வேதியியல் கற்றுக்கொடுப்பவள், பக்திப் பரவசத்தில் என் கையாலேயே ஈயத்தை அள்ளிப் பூசியிருக்கிறேன்.

"ஏம் மேடம், ஏதும் தப்பாப் போச்சா? சாமி காரியம்லா!" அண்ணாச்சி பதறிவிட்டார்.

"சாமி மேல தப்பில்ல. எம்மேலதான்" என்றேன். அவர் டீக்குச் சொல்லிவிட்டு, பாவம், என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அங்கிருந்தே செல்வியை அழைத்தேன். "மேடம், ஈயம் மட்டும் ஏன் தனியா ஏறியிருக்குன்னு நான் மொத வருஷமே கேட்டேனே" என்றாள். கேட்டாள்தான். 'முதலில் நன்றாகப் படித்துவிட்டு வா' என்று நான்தான் அவள் வாயை அடைத்தேன். வெட்கமாக இருந்தது.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. புதுத் துண்டுகளில் ஈயம் சாதாரண அளவுதான். செல்வி ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைக் கிழித்துப்போட்டு, ஆறு மாத அவகாசம் வாங்கியிருக்கிறாள்.

போகிறவர்களுக்கு: குவாரிக்கு எட்டு மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் வெயில் தாங்காது. விமானத்தில் போனால் சுத்தியலைக் கைப்பையில் வைக்காதீர்கள். எந்த மெஷினிலும் முதலில் குவார்ட்ஸ் என்னும் வெறும் வெள்ளைக்கல்லை நாலைந்து தரம் அரைத்துக் கொட்டிவிட்டு, அப்புறம் உங்கள் கல்லைப் போடுங்கள்.

என் கட்டுரையை வெளியிட்ட ஆய்வுப் பத்திரிகைக்குத் திருத்தக் கடிதம் எழுதினேன். தவறு முழுக்க என்னுடையது, சந்தேகத்தை முதலில் எழுப்பியவர் செல்வி என்று முடித்து, அனுப்பும் முன் அவளிடம் காட்டினேன். இரண்டு தரம் படித்தாள்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடியேன்னு போடுங்க மேடம்" என்றாள்.

போட்டேன்.